பலகையில் ஏறாத டோக்கன்

1983 ஆகஸ்டு பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபதுக்குப் பந்தைப் பிடிக்க எழும்பிய அசோகன், நாலு இருபத்தேழுக்குத்தான் தரைக்கு வந்தார். இடையில் ஏழு நிமிடம் ஊரிகம் மைதானத்துக்கு மேலே, கம்பத்தின் முக்கால் உயரத்தில், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு இருந்தார். எதிரணியான மைசூர் மைன்ஸ் ஆட்கள் முதலில் கையை நீட்டிக் குதித்துப் பார்த்தார்கள். எட்டவில்லை என்றதும் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவித்த வேர்க்கடலை விற்பவர் மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டார். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார், பந்தைப் பிடித்தவன் எத்தனை நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்காததால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அதற்கு முன்பு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று மேலே இருந்து பழகியவர்தான் அசோகன். அன்றைக்குப் பிறகு எப்போது எழும்பினாலும் ஏழு நிமிடம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த ஆட்டம் ஆஸ்திரேலியாக்காரர்களுடையது. தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஒரு ஆஸ்திரேலிய இன்ஜினியர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. அவர் ஊர் திரும்பிய பிறகும் இது இங்கேயே தங்கிவிட்டது. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், இரண்டு முனையிலும் நந்நான்கு கம்பம், முட்டை போலப் பந்து. நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல். பந்தைத் தரையில் விழாமல் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது. சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டு ஜனங்கள் இதை முட்டைப்பந்து என்றார்கள். பங்காருபேட்டையில் ரயில் மாறுகிற வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் அப்படி ஓர் ஆட்டமே இந்தியாவில் கிடையாது என்று சாதிப்பார்கள். அவர்கள் சாதிக்கட்டும். மேலே இருக்கும்போது காலுக்குப் பிடிமானம் கிடையாது, உதைக்க முடியாது. அதனால் எதிரணி அசந்த நேரம் பார்த்து அசோகன் பந்தை முஷ்டியால் குத்திக் கீழே அனுப்புவார். அது நேராக ஏசுபாதத்தின் மார்புக்கு வந்து சேரும். ஏசுபாதம் திரும்பி ஒரு உதை, கோல். இப்படியே பதினாலு வருடம். ஆட்டப் புத்தகத்தில் கோலுக்கு ஒரு கட்டம், தவறிய உதைக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான் இருந்தது. ஏழு நிமிடம் மேலே இருந்ததை எழுதக் கட்டமே இல்லை. ஆகவே ஏசுபாதத்தின் பெயரில் நானூற்றுப் பதினோரு கோல், அசோகனின் பெயரில் ஒன்பது. அன்றைக்கு இதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, அசோகனுக்குக்கூட இல்லை.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான், மற்ற ஆறு நாளும் சுரங்கம். அசோகன் கீழே எண்பதாவது லெவலில் பாறை துளைத்தார். ஏசுபாதம் மேலே, ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று ஆட்களை எண்ணிக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்குகிற பேங்க்ஸ்மன். சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன். இறங்கும்போது ஷாஃப்ட் வாயிலில் இருக்கிற கொக்கிப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏறி வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். ஆளை வீட்டில் சோறு தின்னும்போது கண்ணால் பார்த்தேன் என்று நூறு பேர் சொன்னாலும் பேங்க்ஸ்மன் நம்பமாட்டார். 1991-இல் எண்பதாவது லெவலில் பாறை வெடித்து வழி அடைத்துக்கொண்டபோது அசோகன் பத்தொன்பது மணி நேரம் உள்ளே கிடந்தார். ஷிஃப்ட் மாறியும் ஏசுபாதம் வீட்டுக்குப் போகவில்லை. 2217 என்று எழுதிய காலிக் கொக்கிக்கு எதிரே உட்காராமல், சாப்பிடாமல் நின்றார். அசோகன் கேஜிலிருந்து இறங்கி வந்து டோக்கனைத் தானே மாட்டிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அசோகன் வீட்டில் மூன்று டீ டம்ளர்கள். மூன்றாவது ஏசுபாதத்துக்கு, விளிம்பில் நசுங்கல் உள்ளது அதுதான்.

1997-இல் மறுபடி பாறை வெடித்தது. ஊரிகம் அணிக்குப் பத்தொன்பது வருடம் ஓர் ஆட்டம் தவறாமல் ஆடிய தங்கவேலு அதில் போய்விட்டார். செத்தவர் டோக்கனைப் பலகையில் மாட்டுவதில்லை, துணியில் முடிந்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள். எனவே சுரங்கத்தின் கணக்கில் தங்கவேலு ஏறவே இல்லை. அவருடைய மனைவி சரோஜம்மா படுக்கிற அறையின் தரை அன்று தொடங்கி வெதுவெதுப்பாகவே இருந்தது, மார்கழியிலும். மூன்று மேஸ்திரிகள் வந்து பார்த்துவிட்டுக் கீழே சூடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், டோக்கனை அவரவருக்கே கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பம்புகளை நிறுத்தியதும் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது, ஆட்கள் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள், முட்டைப்பந்து நின்றது, அசோகன் எழும்புவதை விட்டுவிட்டு பென்ஷன் வாங்கினார்.

2024-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து கடிதம் வந்தது. இங்கிருந்து போய் அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு சங்கத்துக்கும் நூற்றாண்டு அணி என்று ஒன்று உண்டாம். இதுவரை ஆடியவர்களிலேயே சிறந்த இருபத்திரண்டு பேரைப் பொறுக்கி, பதினெட்டுப் பேர் களத்தில், நாலு பேர் மாற்றாள் என்று பெயரெழுதி மாட்டிவைப்பார்களாம். அந்த அணி ஒருநாளும் ஆடாது. பாதிப் பேர் இறந்திருப்பார்கள், மீதிப் பேருக்கு மூட்டு வலி. ஆடாத அணிக்கு ஆள் எடுப்பது போலச் சண்டை கிளப்புகிற வேலை உலகத்தில் வேறில்லை, ஆனாலும் ஊர் ஒரு வாரத்துக்குள் வேறு பேச்சே இல்லாமல் ஆகிவிட்டது. ஐந்து பேர் குழு அமைத்தார்கள், நானூற்றுப் பதினோரு கோல் அடித்த ஏசுபாதம் தலைவர். சுரங்கம் மூடியபோது அவர் காப்பாற்றி வைத்திருந்த டோக்கன் பலகை ஒன்று இருந்தது. ஒரு கேஜுக்கு இருபத்திரண்டு ஆள் என்பதால் அதில் இருபத்திரண்டு கொக்கி. அணிக்கும் இருபத்திரண்டு பேர். தேர்வானவர்களின் பழைய டோக்கனையே வாங்கி மாட்டிவிடலாம் என்று முடிவானது. ஒரு ஊரில் எத்தனை பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்பதை எந்தக் காலத்திலோ கொக்கி அடித்த தச்சன் முடிவு செய்தது இப்படித்தான்.

அசோகன் வெளியில் சொன்னதெல்லாம், "அதெல்லாம் சும்மா டைம் பாஸ். ஆடுனவனுக்குத் தெரியும் யார் ஆடுனான்னு" என்பதுதான். ஆனால் அன்றாடம் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். குழு கூடுவதற்கு எட்டு நாள் முன்பு ஏசுபாதம் வீட்டுக்கு வந்து, நசுங்கிய டம்ளரில் டீ குடித்துவிட்டு, கையை நீட்டினார்.

"டோக்கன எடுத்துனு வா மச்சான். நீ இல்லாம ஒரு டீமா?"

"இன்னும் கமிட்டியே கூடல, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"கமிட்டி இன்னா கமிட்டி, நான்தானே கமிட்டி."

அசோகனின் மனைவி யசோதா புளி போட்டுத் தேய்த்து, 2217 பளிச்சென்று தெரிகிற மாதிரி கொடுத்தார். ஏசுபாதம் அதைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே தட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அண்ணி, விழாவுக்கு அந்தப் பச்சைப் பொடவைய கட்டிக்கினு வாங்க" என்று வேறு சொன்னார்.

விழா மைதானத்திலேயே ஒரு ஞாயிறு மாலை நடந்தது. யசோதா பச்சைப் புடவைதான் கட்டியிருந்தார். ஆட்டப் புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த பள்ளி ஆசிரியை சுனிதா ஒவ்வொரு பெயராகப் படிக்க, ஏசுபாதம் ஒவ்வொரு டோக்கனாக மாட்டினார். முதல் கொக்கியில் அவருடையதே. பத்தாவது போயிற்று, பதினெட்டாவது போயிற்று. மாற்றாள் நாலு பேரில் மூன்று முடிந்து கடைசிப் பெயராகத் தங்கவேலு என்று வந்ததும் சரோஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கை தட்டினார்கள். அசோகனும் தட்டினார், தங்கவேலுக்காக. தட்டி முடித்த பிறகுதான் பலகையில் காலிக் கொக்கி இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மேடையைப் பார்த்தார். ஏசுபாதம் பெர்த்துக்காரர்களோடு கேமராவுக்கு நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பையில் வட்டமாக ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. நாற்பது வருட சிநேகிதன் தன் பக்கம் திரும்பினால் போதும், ஒரு தலையசைப்பு போதும் என்று அசோகன் காத்திருந்தார். ஏசுபாதம் திரும்பவில்லை. அசோகனும் யசோதாவும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் யசோதா, "இன்னாங்க, காது அடைக்குதா, பேசமாட்டேங்கிறீங்க" என்று கேட்டார். அசோகனுக்கு நிஜமாகவே காது அடைத்துக்கொண்டுதான் இருந்தது, கேஜ் இறங்கும்போது அடைக்கிற மாதிரி.

மறுநாள் காலையில் அசோகன் கீழே இருந்தார். வீட்டு முற்றத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் டோக்கனைக் கொடுத்தும் அது பலகையில் ஏறாததால் சுரங்கத்தின் விதிப்படி ஆள் கீழே. வெயில் அவர் மேல் மட்டும் படவில்லை. நாற்காலியைச் சுற்றி இரண்டு முழம் இருட்டு, உள்ளேயிருந்து வெடிமருந்துப் புகை வாசனை. யசோதா கையைத் தொட்டார். எண்பதாவது லெவல் பாறைச் சூடு, வேர்வை வழிந்தது. பேசினால் குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டால், போதும் என்ற பதில் ரசம் ஊற்றும்போதுதான் வந்து சேரும். பரணிலிருந்து பழைய தலைவிளக்கை எடுத்துத் துடைத்து யசோதா அவருக்கு மாட்டிவிட்டார். பங்காருபேட்டை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் இருக்கிறது, காரம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பழைய தொழிலாளிகள் தெருவில் பார்த்தால் எந்த ஷிஃப்ட் என்று மட்டும் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சுனிதா வந்தார். குழுவில் எழுத்து வேலை அவருடையது, நடந்ததை மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைசி இடத்துக்கு அசோகனா தங்கவேலுவா என்று வந்தபோது இரண்டுக்கு இரண்டு என்று நின்றதாம். ஒரு பக்கம், பத்தொன்பது வருடம் தவறாமல் வந்தவனைவிட எவன் பெரியவன் என்றார்கள். இன்னொரு பக்கம், ஊரே தலை நிமிர்ந்து பார்த்தது எவனை என்றார்கள். இரண்டும் நியாயம்தான். தலைவர் சொல்வதுதான் முடிவு என்றானது. ஏசுபாதம் கம்ப்யூட்டர் தாளைப் பார்த்தார், ஒன்பது கோல் என்பதைச் சத்தமாகப் படித்தார், பிறகு சொன்னார்: "பறக்கிறது ஆட்டத்துல சேராது. தங்கவேலு பேர எழுதும்மா." சுனிதா இதைச் சொல்லி முடித்துக் கிளம்பினார். அவர் தெரு முனை திரும்பிய பிறகு அசோகனின் குரல் வந்து சேர்ந்தது. "அவனா சொன்னான்?" என்று மட்டும் இருந்தது. யசோதாவுக்குத்தான் கேட்டது. தங்கவேலு பெயர் வந்ததில் அசோகனுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. தன் கையிலிருந்து நேராக மார்பில் பந்து வாங்கிய ஒருவன் ஒன்பது என்று வாய்விட்டுப் படித்தான் என்பதுதான் பாறையைவிடச் சூடாக இருந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. டீக்கடையில் ஒரு கட்சி, புத்தகத்தில் இல்லாதது நடக்கவில்லை என்றது. மறு கட்சி, அப்படியானால் வேர்க்கடலைக்காரர் அன்று ஏழு நிமிடம் யாரைச் சுற்றி வந்தார் என்று கேட்டது. இருபத்து மூன்றாவது கொக்கி அடிக்கலாமா என்று பெர்த்துக்கு எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் எந்த அணியிலும் இருபத்து மூன்று பேர் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. வேண்டுமானால் தனியாக ஒரு சிறப்புச் சான்றிதழ் தருகிறோம் என்று குழு சொல்லி அனுப்பியது. அசோகன் அதற்குத் தந்த பதில் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது போலிருக்கிறது, இன்றுவரை வந்து சேரவில்லை.

ஆடி மாதத்தில் சரோஜம்மா வந்தார். பலகையில் தங்கவேலுவின் டோக்கன் ஏறிய அன்றே அவர் அறையின் தரை குளிர்ந்துவிட்டது. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகப் போர்வை போர்த்தித் தூங்கியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வந்திருப்பார் என்று யசோதா நினைத்தார். சரோஜம்மா இருட்டின் விளிம்பில் நின்று, "அசோகண்ணா, அவருத எடுத்துடச் சொல்றேன். நீங்க உசுரோட கீறீங்க. நீங்க ஏறுங்க" என்றார். பதிலுக்காக இருவரும் காத்திருந்தார்கள். குரல் வந்தது. "அவன மறுபடி கீழ எறக்காதம்மா. இங்க சூடு தாங்காது." சரோஜம்மா அழுதுகொண்டே போனார். யசோதா வாசலிலேயே நின்றார். இருபத்தேழு வருடம் விதவையாக இருந்தவள் வந்து தன்னுடையதை எடுத்துக்கொள் என்கிறாள், முதல் கொக்கிக்காரன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை என்று நினைத்துப் படலை அறைந்து சாத்தினார்.

அசோகன் மறுபடி எழும்பியது அதற்கு அடுத்த வாரம். யாரோ மைதானத்தில் பழைய பந்து ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள்; அது திசை தப்பி லைன் வீட்டு ஓடுகளுக்கு மேலாக உயர்ந்து வந்தது. அறுபத்தேழு வயது, இரண்டு மூட்டும் வீக்கம். ஆனால் பந்து தலைக்கு மேல் வந்தால் அந்த உடம்பு யாரையும் கேட்பதில்லை. அசோகன் எழும்பினார். ஒரு காலத்தில் கம்பத்தின் முக்கால் உயரத்துக்குப் போனவர் இப்போது இரண்டு மைல் கீழிருந்து எழும்பியதால் சரியாகத் தரை மட்டத்துக்கு வந்து நின்றார். வெயில் அவர் முகத்தில் பட்டது. இருட்டு போயிற்று, புகை வாசனை போயிற்று, கை குளிர்ந்தது. "யசோதா, டீ கீதா?" என்ற குரல் பக்கத்திலிருந்தே வந்தது. அவர் ஓடிப்போய் ஊற்றிக் கொண்டுவந்தார். ஏழாவது நிமிடம் முடிந்ததும் அசோகன் டம்ளரை யசோதாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அது வழக்கமாகிவிட்டது. தினமும் மாலை ஐந்து பத்துக்கு எழும்புவார், ஐந்து பதினேழுக்கு இறங்குவார். ஒரு டீ குடிக்க, மழை வருமா என்று பேச, நகம் வெட்டிக்கொள்ள ஏழு நிமிடம் தாராளம். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாகக் கைரேகை பதியவேண்டும். கீழே இருக்கும்போது வேர்வையில் ரேகை விழாததால் தபால்காரர் மெஷினை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்து, ஐந்து பத்துக்குப் பதிந்துகொண்டு, ஐந்து பதினைந்துக்கெல்லாம் கிளம்பிவிட்டார்.

டிசம்பரில் ஒரு நாள் ஐந்து பதினொன்றுக்கு ஏசுபாதம் படலைத் திறந்துகொண்டு வந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து 2217-ஐ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மச்சான், உன் டோக்கன். குடுக்க மூஞ்சி இல்லாம வெச்சினு இருந்தேன்."

அசோகன் டீயை ஊதினார். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"என் பக்கத்துல உன்னுது தொங்குனா பாக்கறவன் இன்னா கேப்பான்? நானூத்திப் பதினொண்ணுல எவ்ளோ யாருதுன்னு கேப்பான். எனக்குன்னு அது ஒண்ணுதான்டா கீது."

"தொண்ணூத்தொண்ணுல போர்டு முன்னாடி பத்தொம்பது மணி நேரம் நின்னியே. இன்னாத்துக்கு நின்ன?"

"நீ ஏறி வரணும்னு."

"இப்பவும் நான் கீழதான் கீறேன், ஏசு."

யசோதா ஏசுபாதத்தின் வாயையே பார்த்தார். என்னுடையதை எடுத்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை. சொன்னால் போதும், பலகைக்குப் போகும் வழியில் எத்தனை தடவை மனது மாறினாலும் பரவாயில்லை. ஏசுபாதம் வாயைத் திறந்தார். கடிகாரம் ஐந்து பதினாறு. பலகை தொங்குகிற மைதானத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "நானும் வயசானவன்டா" என்றார். அசோகன் மிச்ச டீயைக் குடித்து முடித்து, டம்ளரை யசோதாவிடம் கொடுத்துவிட்டு, ஐந்து பதினேழுக்கு இறங்கிப் போனார்.

இப்போதும் தினம் ஐந்து மணிக்கெல்லாம் ஏசுபாதம் வந்து படலுக்கு வெளியே நிற்கிறார், கையில் டோக்கன். காலிக் கொக்கிக்கு எதிரே நின்ற அதே நிலை, உட்காருவதில்லை. தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஐந்து பத்துக்கு அசோகன் எழும்பி வந்ததும் யசோதா இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறார். விளிம்பு நசுங்கியது அலமாரியில் கவிழ்த்தபடியே இருக்கிறது.